மீஞ்சூரில் பர்மனெண்ட் வேலை பெறுவது எப்படி?

காலை ஐந்தரை மணிக்கு மீஞ்சூர் ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் இந்த ஊரின் கவலை புரிந்துவிடும். கும்மிடிப்பூண்டி லோக்கலில் இறங்குபவர்களும் ஏறுபவர்களும் கழுத்தில் ஆளுக்கொரு அட்டை மாட்டியிருப்பார்கள். அட்டையில் இருப்பது பெரும்பாலும் அனல் மின் நிலையத்தின் பெயரோ துறைமுகத்தின் பெயரோ இல்லை. நடுவில் நிற்கும் கான்ட்ராக்டரின் பெயர். அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம், வல்லூரில் இன்னொன்று, காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், வழி நெடுகக் கன்டெய்னர் யார்டுகள். இத்தனை இருந்தும், பத்து வருடமாக ஒரே கேட்டில் நுழைகிறவரைக் கேட்டாலும் "கான்ட்ராக்ட்தான்பா" என்பார். கேட் பாஸைப் புதுப்பித்தால் வேலை. மேஸ்திரிக்குக் கோபம் வந்தால் அதுவும் இல்லை.

நிரந்தரம் தேடி ஏங்கும் இப்படிப்பட்டவர்களுக்காகவே இந்த வழிகாட்டி. ஆளைப் பர்மனெண்ட் ஆக்கியே தீருவது என்று ஒற்றைக் காலில் நிற்கும் வேலை ஒன்று இங்கே இருக்கிறது. ஐ.டி.ஐ. சான்றிதழ் வேண்டாம். சிபாரிசு வேண்டாம். யாரையும் தானாக வெளியே அனுப்பும் வழக்கம் அங்கே கிடையாது. 58 வயதில் ஓய்வு என்ற கெடுபிடியும் இல்லை. அதுவரை தாக்குப்பிடிக்கிறவர்கள் குறைவு. போதைக்கு அடிமையாவது என்று ஊரார் இதைச் சொல்வார்கள். நாம் மரியாதையாக 'சர்வீஸ்' என்போம்.

தகவல் தந்து உதவியவர் என் சித்தப்பா. 19 வருடம் சர்வீஸ் போட்டவர். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை பெஞ்சில் அவர் சொன்னதைக் கேட்டு எழுதினேன். டாக்டர்கள் சொல்வதையும் அங்கங்கே சேர்த்திருக்கிறேன். "சேத்துக்கடா, எவன் படிக்கப் போறான்" என்று அனுமதித்துவிட்டார்.

யார் விண்ணப்பிக்கலாம்?

எல்லோரும். ஆனால் இரண்டு பிரிவினருக்கு முன்னுரிமை உண்டு.

முதலாவது, வாரிசுகள். அரசு வேலையில் கருணை அடிப்படையில் நியமனம் இருப்பதுபோல் இங்கும் இருக்கிறது. அப்பாவோ தாத்தாவோ சர்வீஸில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகள், குடிக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறத்தாழ பாதி பரம்பரையாக வருகிறது என்கின்றன. மீதிப் பாதி வளர்ப்பு, சூழல், சகவாசம். எனவே தாத்தா குடிக்காதவர் என்று யாரும் மனம் தளர வேண்டாம்.

இரண்டாவது, சிறுவர்கள். முன்யோசனை, அடக்கம், 'வேண்டாம்' என்று சொல்லும் திறன் ஆகியவற்றைக் கவனிக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர ஏறத்தாழ 25 வயது ஆகிறது. காவலாளி வருவதற்கு முன் வீட்டுக்குள் போய்விடுவதே புத்திசாலித்தனம். கஞ்சா பழகுகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்ம வயதிலேயே தொடங்கினால் அது ஆறில் ஒருவர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் சீனியாரிட்டியில் முந்துவது இதனால்தான்.

எந்த டிபார்ட்மெண்ட்?

ஆர்வம், வயது, கையிருப்பு மூன்றையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புகையிலைப் பிரிவு: அடிப்படைப் பயிற்சி இங்கேதான். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்கும் கூல் லிப், உள்ளங்கையில் தேய்த்துப் போடும் ஹான்ஸ், வட சென்னையில் புழங்கும், பாக்கும் புகையிலையும் கலந்த மாவா. தமிழ்நாட்டில் குட்காவும் மெல்லும் புகையிலையும் 2013-லிருந்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டவை. ஆகவே கடைக்காரர் முகம் பார்த்துத்தான் எடுப்பார். பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் எந்தப் புகையிலையும் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் கெஜத்தை எந்தக் கோலால் அளக்கிறார்கள் என்பதை நான் ஆராயவில்லை. மாவாவில் புகையிலை மட்டுமா வேலை செய்கிறது? வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. இந்தப் பிரிவில் முன்னேற்றத்தை வீட்டிலேயே சோதிக்கலாம்: மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் வையுங்கள். நுழையவில்லை என்றால் கன்னத்தின் உட்சதை இறுக ஆரம்பித்துவிட்டது. இனி பிரியாணியைக் கண்ணால்தான் சாப்பிட வேண்டும்.

சரக்குப் பிரிவு: அரசாங்கமே நேரடியாக நடத்தும் ஒரே பிரிவு. டாஸ்மாக் 1983-இல் தொடங்கி, 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. பகல் 12 முதல் இரவு 10 வரை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். 2024-25-இல் வருமானம் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கடை குறைந்தாலும் ஊழியர்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை என்பது இதிலிருந்து தெரியும்.

கஞ்சாப் பிரிவு: ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து, தெற்கே வரும் ரயிலிலும் கொல்கத்தா நெடுஞ்சாலையிலும் இறங்குகிறது. நாம் அந்த வழியிலேயே குடியிருப்பதால் வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லாத வசதி. 'செடிதானே, இயற்கைதானே' என்ற வாதத்தை மனப்பாடம் செய்யுங்கள். அரளியும் செடிதான் என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றுங்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு' என்கிறது. அதற்கே ஓராண்டு வரை கடுங்காவல். வணிக அளவான 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்து ஆண்டு. "இந்தப் பையை மட்டும் அடுத்த ஸ்டேஷன்ல குடுத்துடு தம்பி" என்று யாராவது பாசமாகக் கேட்டால், பைக்குள் எத்தனை கிலோ இருக்கும் என்று தம்பி யோசிக்கவே கூடாது. யோசித்தால் சர்வீஸ் வளராது.

மாத்திரைப் பிரிவு: எலும்பு முறிந்தவருக்கும் அறுவை முடிந்தவருக்கும் எழுதித் தரும் டேபென்டடால் போன்ற வலி மாத்திரை, தூக்கம் வராதவருக்கு எழுதித் தரும் நைட்ரசெபாம். இரண்டும் மருந்துதான், எழுதித் தந்த டாக்டரைச் சீட்டோடு சேர்த்துக் கழற்றிவிட்டால் இந்தப் பிரிவு தயார். வட சென்னைப் போலீஸ் செய்தியில் வாரம் தவறாமல் இடம்பிடிக்கிறது. இவை மூச்சு விடச் சொல்லும் மூளைப் பகுதியையும் சேர்த்துத் தூங்க வைக்கும். சரக்கோடு சேர்ந்தால் இன்னும் ஆழ்ந்த தூக்கம். விழுங்க வேண்டியதை ஊசியில் ஏற்றுபவர்கள் ரத்தக்குழாய் அடைப்பு, அழுகிய கை ஆகியவற்றைத் தங்களுக்கு வாங்கிக்கொள்கிறார்கள். ஊசியைப் பங்கு போட்டால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சி சி-யும் கூட்டாளிக்கும் சமபங்கு.

சொல்யூஷன் பிரிவு: சைக்கிள் கடை பஞ்சர் பசையை முகரும் பிள்ளைகளுக்கானது. இதில் அனுபவம் முக்கியமில்லை. முதல் முறையே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோன பிள்ளைகள் உண்டு.

வி.ஆர்.எஸ். பிரிவு: அவசரமாக ஓய்வு பெற விரும்புவோருக்கு. ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால் கலந்த சாராயம். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் 20 பேருக்கு மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல். குடித்தவுடன் வித்தியாசம் தெரியாது. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற மணிக்கணக்காகும். பிறகு கண்ணுக்கு முன் பனி மூட்டம், வயிற்று வலி, மூச்சிரைப்பு. பிழைத்தவர் சிலருக்குக் கண் திரும்பவில்லை.

படி 1: காரணம் சேகரியுங்கள்

காரணம் இல்லாமல் யாரும் குடிக்கக் கூடாது. அது கெட்ட பழக்கம். காரணத்தோடு குடித்தால் அது மருந்து.

மீஞ்சூரில் காரணத்துக்குப் பஞ்சமில்லை. நிலக்கரித் தூசி தொண்டையில் இருக்கிறது, கழுவ வேண்டும். எட்டு மணி நேரம் மூட்டை இறக்கி உடம்பு வலிக்கிறது. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூக்கம் வரவில்லை. துறைமுக கேட்டில் ட்ரெய்லரை வரிசையில் விட்டு எத்தனை மணி நேரம்தான் உட்கார்ந்திருப்பது? சம்பளம் வந்துவிட்டது. சம்பளம் வரவில்லை. மழை. மழை விட்டுவிட்டது. கல்யாணம், சாவு, சி.எஸ்.கே. வெற்றி, சி.எஸ்.கே. தோல்வி.

"எனுக்கு முதல் காரணம் முதுகு வலிடா" என்றார் சித்தப்பா. "அப்பால முதுகு சரியாப்போச்சு. காரணம் மட்டும் நின்னுடுச்சு."

சரக்கு வலியைத் தீர்ப்பதில்லை, கேட்காமல் செய்கிறது. தூக்கமும் அப்படித்தான்: சட்டென்று சாய்த்துவிடும், பின்னிரவில் கலைத்துவிடும். மறுநாள் அலுப்பு கூடும். அலுப்புக்கு என்ன மருந்து என்று நமக்குத் தெரியும். இப்படி ஒரு காரணமே அடுத்த காரணத்தைப் பெற்றெடுக்கும் நிலை வந்ததும் முதல் படி முடிந்தது.

படி 2: பங்காளியைப் பிடியுங்கள்

தனியாகக் குடிப்பது சீனியர்களின் வழக்கம். புதியவர் 'கட்டிங்'கில் தொடங்க வேண்டும். கையில் பாதிக் காசு இருக்கும். அதே பாதிக் காசோடு முன்பின் தெரியாத ஒருவர் கடை ஓரம் நிற்பார். "கட்டிங் வரியா?" என்பார். ஒரு குவார்ட்டர் வாங்கி, பிளாஸ்டிக் டம்ளர் இரண்டையும் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, சொட்டுப் பிசகாமல் பிரிப்பார்கள். ரேஷன் கடை எடையிலும் கூலிக் கணக்கிலும் காணாத நியாயம் அந்த டம்ளரில் இருக்கும். சாதி கேட்க மாட்டார்கள், கான்ட்ராக்டர் பெயர் கேட்க மாட்டார்கள்.

இந்த இடத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். நாள் முழுக்க 'டேய்' என்று கூப்பிடப்பட்டவனை மாலையில் ஒருவர் 'தலைவா' என்கிறார். பாட்டிலில் இருப்பதைவிட அந்த ஒரு சொல்லுக்குக் கிக் அதிகம். பிற்காலத்தில் விடச் சொல்பவர்கள் பாட்டிலைத்தான் பிடுங்குவார்கள். 'தலைவா'வுக்குப் பதிலாக என்ன தருவது என்று யோசிக்க மாட்டார்கள். சர்வீஸ் பாதுகாப்பாக இருப்பதன் ரகசியம் இது.

படி 3: பயிற்சிக் காலத்தில் அளவை ஏற்றுங்கள்

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம், கணக்கிட்டால் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் எரிக்கும். இரவு பத்து மணிக்குக் குவார்ட்டரை முடித்தவரின் ரத்தம் விடியற்காலை நான்கு மணிக்கு முன் சுத்தமாகாது. ஆஃப் என்றால் மறுநாள் காலை ஷிப்டுக்கும் சேர்த்தே வரும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே வண்டி ஓட்டக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம். முதல் முறை சிக்கினால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது இரண்டும். "நேத்து நைட்டுதான் சார் குடிச்சேன்" என்ற வாக்குமூலம் ஊதும் கருவிக்குப் புரிவதில்லை.

முதலில் ஒரு கட்டிங்கிலேயே ஆகாயம் தெரியும். சில மாதத்தில் குவார்ட்டர் குடித்தாலும் தரையில்தான் நிற்போம். நண்பர்கள் 'ஸ்டெடி' என்று பாராட்டுவார்கள். உண்மையில் மூளை, வந்து குவியும் இன்பத்துக்குப் பயந்து தன் கதவுகளைச் சாத்த ஆரம்பித்திருக்கிறது. அதே கதவு வழியாகத்தான் குழந்தையின் சிரிப்பும் மீன் குழம்பும் சினிமாவும் உள்ளே வந்துகொண்டிருந்தன. இனி அவையும் மங்கலாகவே வரும்.

இது புரியாவிட்டால் ஊர்க் கிணற்றைப் பாருங்கள். 1960-களின் கடைசியிலிருந்து மீஞ்சூர் வட்டாரத்தில் ஆழ்குழாய் போட்டு நகரத்துக்கும் ஆலைகளுக்கும் தண்ணீரை உறிஞ்சினார்கள். இளநீர் மாதிரி இருந்த நீர். எடுக்க எடுக்க, காலியான இடத்தில் நிலத்தடியில் கடல் ஊர்ந்து வந்தது. மேலே நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாக்கில் உப்புத் தட்டியபோது கடல் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்திருந்தது. பிறகு 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளுக்குப் பத்து கோடி லிட்டர் தரும் ஆலை கட்டி, கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். உறிஞ்சியது சுலபம், உப்பைப் பிரிக்க ஆகும் செலவைக் குடிநீர் வாரியத்தைக் கேளுங்கள்.

படி 4: மூன்று ஷிப்டும் பாருங்கள்

ஞாயிறு மட்டும் என்று தொடங்கி, சனியை ஓ.டி.யாகச் சேர்த்து, மெல்ல வார நாளுக்கு வாருங்கள். ஒரு நாள் காலை கண் விழிக்கும்போது கை நடுங்கும். டீ கிளாஸ் சாசரில் தாளம் போடும். வேர்க்கும், குமட்டும். ஒரு வாய் உள்ளே போனதும் எல்லாம் நின்றுவிடும். அன்றே உங்கள் பெயர் பர்மனெண்ட் ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது. இதுவரை சந்தோஷத்துக்குக் குடித்தீர்கள். இனி சாதாரணமாக இருப்பதற்குக் குடிக்க வேண்டும். கடை 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் காலை ஷிப்டுக்கு பிளாக்கில் கூடுதல் விலை.

உறுதி செய்துகொள்ள நான்கு கேள்விகள் உண்டு. உலகம் முழுக்க டாக்டர்கள் கேட்பவை. குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா? யாராவது குறை சொன்னால் எரிச்சல் வருகிறதா? குற்ற உணர்ச்சி உண்டா? காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் இன்டர்வியூவில் தேறிவிட்டீர்கள்.

படி 5: சம்பளம் கொடுங்கள்

இங்கே சம்பளத்தை நீங்கள்தான் தர வேண்டும். சரக்கு, சைடிஷ், தண்ணீர் பாக்கெட் எல்லாம் சேர்த்து நாளுக்கு 200 ரூபாய் என்று குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 73,000. பத்து வருடத்தில் 7,30,000. வாங்கியது கைநடுக்கம். போதாத நாளில் தண்டல்காரர் கைகொடுப்பார்; தினமும் வாசலுக்கே வந்து வசூல் செய்யும் விசுவாசி. அதற்குப் பிறகு மனைவி எடுத்த மகளிர் குழுக் கடன், பிறகு அடகுக் கடை. கம்மல் முதலில் போகும், குத்துவிளக்கு, கேஸ் சிலிண்டர் என்று பட்டியல் நீளும். "கடைசில பொண்ணோட ஸ்கூல் சைக்கிள்" என்றார் சித்தப்பா. டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

படி 6: குடும்பத்தையும் வேலையில் சேருங்கள்

இது ஒருவர் பார்க்கும் வேலை இல்லை. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு "அவருக்கு காய்ச்சல் சார்" என்று சொல்ல மனைவி வேண்டும். வாசலில் கிடப்பவரை விடிவதற்குள் உள்ளே இழுத்துப்போட மகன் வேண்டும். தண்டலைத் தீர்க்க அம்மாவின் முதியோர் பென்ஷன் வேண்டும். மானத்துக்குப் பயந்து அவர்கள் செய்யும் ஒவ்வொரு உதவியும் உங்கள் சர்வீஸை நீட்டிக்கும்.

சில மனைவிகள் எதிர்க்கட்சிக்குப் போவார்கள். 'குடிப்பவருக்கே தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்' என்று ரயில் பெட்டியில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துப் பொடி வாங்குவார்கள். பொடிக்குள் என்ன இருக்கிறது என்று அந்த நோட்டீஸில் இருக்காது. டைசல்ஃபிரம் இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அந்த மருந்தை டாக்டர் தருவது, சாப்பிடுபவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்தால் மட்டும். அண்ணிமார்களே, அக்காமார்களே, இந்த ஒரு பத்தியில் மட்டும் நான் கிண்டல் செய்யவில்லை.

படி 7: வருடத்துக்கு ஒருமுறை லீவ் போடுங்கள்

ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் ஒரே ஊரில் இருப்பதால் வட காஞ்சி என்று பெயர் வாங்கிய ஊர் இது. சத்தியம் செய்ய இடத்துக்குக் குறைவில்லை. கார்த்திகையில் மாலை போடுங்கள். ஒரு மண்டலம் சொட்டு படாது. ஊரே அதிசயிக்கும். அதன் பயன், "பாத்தியா, நான் நினைச்சா எப்ப வேணா விட்ருவேன்" என்று மீதி 300 நாளும் சொல்லிக்கொள்ளலாம். மாலையைக் கழற்றிய அன்றே பாக்கியைச் சேர்த்துப் போடுங்கள்.

மாத்திரை, ஊசிப் பிரிவினர் மட்டும் கவனிக்க: லீவில் உடம்பு பழைய பழக்கத்தை மறந்துவிடுகிறது. ஜெயிலிலோ மையத்திலோ சில வாரம் இருந்துவிட்டு வந்து, போன மாதத்து அளவையே போட்டவர்கள் பலர் அன்றிரவே போயிருக்கிறார்கள்.

பணிப் பயன்கள்

கல்லீரல் மிகப் பொறுமைசாலி. முக்கால்வாசி கெடும்வரை முணுமுணுக்காது. பிறகு கண் மஞ்சளாகும், வயிற்றில் நீர் கோக்கும், கால் வீங்கும், ரத்த வாந்தி வரும். கணையம் அப்படியில்லை, ஒரே இரவில் ஆளைச் சுருட்டி ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் போட்டுவிடும். ஆல்கஹாலைப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வரிசையில் 1988-லேயே சேர்த்துவிட்டார்கள்: வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல். குடலும் மார்பும் பிறகு சேர்ந்தன. சத்துக்குறைவால் நினைவு போய், இல்லாத கதையைச் சொல்லி இடைவெளியை நிரப்பும் நோயும் உண்டு.

அடிக்கடி கேட்கப்படுபவை

பீர் ஒன்றும் செய்யாதாமே? 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 40 கிராம் அளவுக்கு ஆல்கஹால் இருக்கிறது. குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, நுரையோடு.

காஸ்ட்லி சரக்கு உடம்புக்கு நல்லதா? கல்லீரல் லேபிள் படிப்பதில்லை.

நான் தினமும் குடிப்பதில்லையே? உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது.

ராஜினாமா

இவ்வளவு வசதியையும் உதறிவிட்டு வெளியேற நினைக்கும் நன்றிகெட்டவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கும் வழி சொல்லாவிட்டால் வழிகாட்டி முழுமையாகாது.

நேற்று வரை தினமும் காலையிலேயே தொடங்கியவர், இன்று வீராப்பாகத் தானே நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் நாளில் நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டாம் மூன்றாம் நாளில் சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தும் ஜன்னி. கவனிக்காவிட்டால் உயிரையே எடுக்கும். தூக்க மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. டாக்டர் பார்வையில், மருந்தோடும் தையமின் ஊசியோடும் இறங்கினால் ஒரு வாரம், பத்து நாளில் தாண்டிவிடலாம்.

எங்கே போவது? 14446 தேசிய போதை மீட்பு உதவி எண், இலவசம். மனம் உடைந்திருந்தால் 14416. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் இதற்குச் சிகிச்சை உண்டு. 2025-இல் 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் மீட்பு மையங்கள் திறந்தார்கள். அடையாறில் டி.டி.கே. மருத்துவமனை: கணவர் ரங்கநாதனைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், குடி ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு என்று 1980-இல் தொடங்கியது. வழக்குப் பயம் இருப்பவர்கள் அறிய: சிறிய அளவு வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ வழக்கில் சிக்கியவர், அங்கீகாரம் பெற்ற மையத்தில் தானே முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால், வழக்குத் தொடுக்கப்படுவதிலிருந்து விலக்கு பெற 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது.

இத்தனை கதவு இருந்தும் நெரிசல் இல்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்து 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, நாட்டில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேர் சர்வீஸில் தொடர்கிறார்கள்.

ராஜினாமாக் கடிதம் முதல் முறையே ஏற்கப்படும் என்று நினைக்காதீர்கள். சித்தப்பாவுடையது நான்கு முறை திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் நாங்கள் "சொன்னோமே" என்றோம். ஐந்தாவது முறை, நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. குடியை விட்டவர்களின் கூட்டத்துக்குச் சித்தி கூடவே போனார். முன்பின் தெரியாத ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து, டம்ளர் பிரிப்பதுபோலவே, ஆளுக்கு ஐந்து நிமிடம் சரியாகப் பிரித்துப் பேசினார்களாம். ஒருவர் 'தலைவா' என்றாராம்.

அது நடந்து ஆறு வருடம் ஆகிறது. "அப்போ பர்மனெண்டா விட்டாச்சா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"பர்மனெண்டுன்னு சொல்றவன் பக்கத்துலகூட குந்தாதே" என்றார். "நம்முளுது டெய்லி கான்ட்ராக்ட். காலைல கண்ணு முழிச்சா இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் கையெழுத்து. நாளைக்கு நாளைக்குப் பாத்துக்கலாம்."

ஐந்து ஐம்பது வண்டிக்கு கேட் மூடும் மணி அடித்தது. சட்டைக்கு மேல் கான்ட்ராக்டர் அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். சத்தம் வரவில்லை.